இரண்டு பெட்டிக்கு ஒரே பெயர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். அவன் வருகிறான் என்றால் நான் விடியற்காலையிலேயே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்துவிடுவேன். அன்றைக்கும் குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. அவன் பாட்டி மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். பையன் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னடா, ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸா?" என்றேன்.

"நாலு நாளா ஒரு தப்பு பிடிபடாம இருந்துச்சு தாத்தா. இப்பதான் பிடிச்சேன். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு நிமிஷ வேலை. அது வாயே திறக்கல."

எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. நான் ஓய்வு பெறுகிற காலத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கு அது வந்தது. வந்த பிறகும் உறை போட்டு மூடியே இருந்தது. என் உத்தியோகம் முழுக்கத் தட்டச்சு இயந்திரம், தன்பதிவேடு, சிவப்பு நாடா இவற்றோடுதான் ஓடியது. ஆனாலும் ஒரு தப்பை ஏன் யாரும் பிடிக்கவில்லை என்ற கேள்வி வந்தால் பழைய குமாஸ்தாவுக்குக் காது நீண்டுவிடும். சாப்பிட்டுக்கொண்டே சொல்லச் சொன்னேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அவன் கம்பெனி, கன்டெய்னர் யார்டுகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது. லாரி வாசலில் நுழையும்போது வண்டி எண்ணைப் பதிவு செய்யும். பிறகு எடை மேடையில் ஏறினால் எடையைப் பதிவு செய்யும். எழுதுவது சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில். டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் என்பவர் 1979-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆரம்பித்த மொழியாம். கம்பைலர் என்பது, மனிதர் எழுதியதைப் படித்து, தப்பு இருந்தால் சுட்டிக்காட்டி, இயந்திரத்துக்குப் புரிகிற விதத்தில் மாற்றித் தருகிற ஒரு புரோகிராம்.

அந்த மொழியில் 'டைப்' என்று ஒன்று உண்டு. நம் அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருந்த படிவம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயருள்ள படிவத்தில் இத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு இடம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்கள் குழுவில் ஒருவர், கன்டெய்னரின் எடையை எழுத ஒரு கட்டம் உள்ள படிவம் செய்து, அதற்கு 'பாக்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்னொருவர், திரையில் சதுரம் வரைவதற்கு நான்கு கட்டம் உள்ள படிவம் செய்தார். அதற்கும் 'பாக்ஸ்' என்றே பெயர் வைத்தார். இரண்டும் பெட்டிதானே! இருவரும் தனித்தனிக் கோப்பில் எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

"கம்பைலர் இரண்டையும் பார்க்குமே, கேட்காதா?" என்றேன்.

"ஒரே கோப்புல ரெண்டும் இருந்தா உடனே கத்தும் தாத்தா. தனித்தனிக் கோப்புன்னா கத்தாது. அது ஒரு கோப்பை எடுத்துப் படிக்கும், மாத்தும், மூடிடும், மறந்துடும். அப்புறம்தான் அடுத்த கோப்பு."

எல்லாக் கோப்பும் மாற்றி முடிந்த பிறகு, அவற்றை ஒன்றாகத் தைப்பதற்கு லிங்கர் என்று வேறு ஒரு புரோகிராம் வருகிறது. அது பெயர்களைப் பார்த்துத்தான் சேர்க்கும். படிவத்தில் எத்தனை கட்டம் என்பது அதற்குத் தெரியாது. இந்த இரண்டு 'பாக்ஸ்' படிவத்துக்கும் கட்டங்களைத் துடைத்துச் சுத்தம் செய்கிற ஒரு சின்ன வேலை எழுதப்பட்டிருந்தது. அந்த வேலைக்கும் இரண்டிலும் ஒரே பெயர். லிங்கர் என்ன செய்தது? ஒரே தாளின் இரண்டு நகல் என்று நினைத்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிட்டது.

அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரே படிவத்தை எல்லாப் பிரிவுக்கும் நகல் எடுத்துக் கொடுப்பது அங்கே சகஜம். ஆகவே ஒரு பெயர் இரண்டு இடத்தில் வந்தாலே குற்றம் இல்லை. எல்லா நகலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்கு 'ஒரே வரையறை விதி' என்று பெயராம். இந்த விதியை மீறுவது தப்பு என்று அந்த மொழியின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. மீறினால் கம்பைலர் அதைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது! எனக்குச் சோறு தொண்டையில் நின்றுவிட்டது. குற்றம் என்று எழுதி வைத்துவிட்டு, கண்டுபிடிப்பது யார் பொறுப்பும் இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விளைவு என்ன? எடை மேடையில் லாரி ஏறும்போது, ஒரு கட்டம் உள்ள எடைப் படிவத்தை, நான்கு கட்டத்துக்கான துடைப்பம் கொண்டு துடைத்திருக்கிறது. அடுத்து இருந்த மூன்று கட்டமும் சேர்ந்து அழிந்துபோனது. அதில் ஒன்று வாசலில் எழுதிய வண்டி எண். எடை சரியாக இருக்கும், வண்டி எண் பூஜ்யமாக இருக்கும். அதிலும் கோப்புகளை எந்த வரிசையில் லிங்கரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு நாள் எல்லாம் சரியாக ஓடும், அடுத்த முறை தைத்தால் கெடும். வண்டி எண் எழுதுகிற பகுதியைச் செய்தவள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். நாலு நாளும் எல்லாரும் அவளைத்தான் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவள் எழுதியதில் ஒரு புள்ளி கூடத் தப்பில்லை.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றாள் என் மனைவி. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இது நம்ம தெரு கதை மாதிரி இல்லீங்க?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்ட பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை. அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதியதில்லை.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், பிள்ளையார் கோயில் தெரு. நான் இங்கே குடிவந்தபோது திருவொற்றியூர் தனி நகராட்சி. தபால்காரர், பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் யாரிடமும் 'பிள்ளையார் கோயில் தெரு' என்றால் போதும். ஊர்ப் பெயர் சொல்ல வேண்டிய தேவையே வராது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியை விரிவாக்கினார்கள். 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, ஆக 42 உள்ளாட்சிகள் ஒரே நேரத்தில் சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. நம் வட சென்னைப் பக்கத்தில் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் நகராட்சிகள் உள்ளே வந்தன. திருவொற்றியூர்தான் முதலாவது மண்டலம். நாமும் 'மெட்ராஸ்காரர்' ஆகிவிட்டோம் என்று எங்கள் தெருவில் அன்று ஒரு பெருமை.

ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள் பெயர் வைத்ததில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளையார் இல்லாத ஊர் உண்டா? காந்தி, நேரு, காமராஜர், அண்ணா இல்லாத ஊர் உண்டா? அவரவர் பட்டியலில் எல்லாம் ஒழுங்குதான். 42 பட்டியலையும் பழைய சென்னைப் பட்டியலோடு சேர்த்துத் தைத்தபோதுதான் ஒரே பெயரில் எத்தனையோ தெரு வந்து நின்றது. பேரன் சொன்ன லிங்கர் வேலை இதுதான் என்று இப்போது தெரிகிறது.

இணைப்புக்குப் பிறகு, ஒரே பெயருள்ள தெருக்களுக்குப் பெயர் மாற்றப் போகிறார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையோ வதந்தியோ, தெரு கொதித்துவிட்டது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பத்திரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமே! மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் வந்தார்கள். இரண்டு பக்க மனு எழுதினேன். 'எங்கள் தெருவின் பெயரால் இதுவரை எவருக்கும் எவ்வித இடையூறும் நேர்ந்ததில்லை' என்பது அதில் ஒரு வரி. 63 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பேச்சு தானாகவே அடங்கிப்போனது. மனுவால்தான் அடங்கியது என்று நான் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

2016-ல் ஓர் இரவு. மணி இரண்டு இருக்கும். மனைவி எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். நைட்டி முழுக்க வியர்வை. எங்களுக்குப் பழக்கமான ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் கேட்டேன். விலாசம் கேட்டார்கள். 'பிள்ளையார் கோயில் தெரு, 14-ஆம் எண், மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும்' என்றேன். எதிர்முனையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். நானும் 'ஆமாம், சரி' என்றேன்.

வாசல் விளக்கைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்றேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். டிரைவர் போன் செய்தார். "சார், பதினாலாம் நம்பர் வாசல்லதான் நிக்கிறேன். ஹாரன் அடிச்சும் யாரும் வரல." நான் தெருவின் இரண்டு முனையையும் பார்க்கிறேன், ஒரு வண்டியும் இல்லை. அவர் நின்றது பழைய சென்னை எல்லைக்குள் உள்ள இன்னொரு பிள்ளையார் கோயில் தெரு. அங்கும் 14-ஆம் எண் வீடு இருக்கிறது. அதுவும் மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம்தான். அவர் திரும்பி வருவதற்குள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. மொத்தம் நாற்பது நிமிடம் வீணானது.

கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள். நான்காம் நாள் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "அரை மணி முன்னாடி வந்திருந்தா இதயத் தசை இவ்வளவு சேதமாயிருக்காது" என்றார். அன்றிலிருந்து அவள் மாடிப்படி ஏறுவதில்லை. வற்றல் காய வைப்பதற்கு இப்போது நான்தான் மொட்டை மாடிக்குப் போகிறேன்.

யாரைக் குற்றம் சொல்வது? போனில் எழுதிக்கொண்டவர் நான் சொன்னதைத்தான் எழுதினார். டிரைவர் எழுதியிருந்த இடத்துக்குத்தான் போனார். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லாதவன் நான். என் உத்தியோகத்தில் ஒரு ந.க. எண்ணை ஆண்டு போடாமல் எழுதி அனுப்பியதே இல்லை. ஜனவரி பிறந்தால் எண் மறுபடியும் 1-லிருந்து தொடங்கும். ஆண்டு இல்லாவிட்டால் ஒரே எண்ணுக்கு முப்பது கோப்பு வந்து நிற்கும். புதிதாக வந்த பையன்கள் ஆண்டை விட்டுவிட்டால் தாளைத் திருப்பி வீசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், பெண்டாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் திருவொற்றியூர் என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். நகராட்சி இருந்த காலத்தில் அந்தச் சொல் தேவைப்படவில்லை. ஊர் பெரிதாகிவிட்டது, என் நாக்கு பழைய எல்லைக்குள்ளேயே இருந்தது.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லி முடித்தபோது அவன் சாப்பிட்ட கை காய்ந்துவிட்டது. பேச்சை மாற்ற நினைத்தானோ என்னவோ, "கன்டெய்னர் நம்பர் பார்த்திருக்கீங்களா தாத்தா?" என்றான்.

பார்க்காமலா? எண்ணூர் நெடுஞ்சாலையில் குடியிருக்கிறவர்களுக்குக் கன்டெய்னர்தானே கண்ணில் படுகிற காட்சி! நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி எண்ணை மற்றவற்றிலிருந்து ஒரு கணக்குப் போட்டுத்தான் எழுதுவார்களாம். எழுதும்போது ஒரு எழுத்தோ எண்ணோ பிசகினால், கணக்கு உதைத்துப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

"சரிடா. இரண்டு கம்பெனிக்காரன் ஒரே எண்ணை எழுதினால்? கணக்கு இரண்டிலும் சரியாகத்தானே வரும்?" என்று கேட்டேன்.

"அங்கதான் தாத்தா விஷயம். அது வராது." லேப்டாப்பில் ஒரு பெயரைக் காட்டி, இதை எப்படிப் படிப்பது என்றான். நான் படித்தேன்: 'ப்யூரோ அந்தெர்நாசியொனால் தே கோந்தெனேர்'. சிறு வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அறுபது வருடத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு பேரனுக்கு ஒரு வரி படித்துக் காட்ட உதவியது. 1933-ல் பாரிஸில் ஆரம்பித்த அலுவலகம் அது. கன்டெய்னரின் முதல் மூன்று எழுத்து, சொந்தக்காரர் யார் என்பதைக் குறிக்கும். உலகத்தில் யார் கன்டெய்னர் வைத்திருந்தாலும் அந்த மூன்றெழுத்தை அங்கே பதிவு செய்ய வேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் பிடிபட்டது. கடைசி எண், அந்த ஒரு கன்டெய்னரை மட்டும் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்கிறது. பாரிஸ் பதிவேடு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. ஒரு தாளை எவ்வளவு கவனமாகப் படித்தாலும், அதே பெயரில் இன்னொரு தாள் இருக்கிறது என்பது அந்தத் தாளில் தெரியாது. கம்பைலர் செய்தது முதல் வேலை. போனில் என் விலாசத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாரே, அவர் செய்ததும் அதே வேலை. இரண்டாவது வேலையைச் செய்ய அங்கும் ஆளில்லை, இங்கும் ஆளில்லை.

பேரன் தன் தப்பை எப்படிச் சரி செய்தான்? பெயருக்கு முன்னால் குடும்பப் பெயர் மாதிரி ஒன்று சேர்த்தானாம். யார்டு பாக்ஸ், திரை பாக்ஸ் என்று. அந்த மொழியில் அதற்கு 'நேம்ஸ்பேஸ்' என்று ஒரு ஏற்பாடே இருக்கிறது. இது தவிர, ஜி.சி.சி. என்ற கம்பைலரில் 2015-ல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து, தைக்கும் நேரத்தில் எல்லாக் கோப்பின் படிவங்களையும் ஒப்பிட்டு எச்சரிக்கிற வசதியும் உண்டாம். ஆனால் அந்த முறையில் தைக்கும்படி நாம்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒப்பிடாது.

நமக்கு அந்தக் குடும்பப் பெயர் 1972-லேயே வந்துவிட்டது. அந்த வருஷம் ஆகஸ்ட் 15-ல் கொண்டுவந்த பின்கோடுதான் அது. ஒரே பெயருள்ள ஊர்களும் மொழிக்கு மொழி எழுத்து மாறுகிற பெயர்களும் தபாலைக் குழப்பியதால்தான் அதைக் கொண்டுவந்தார்கள். திருவொற்றியூருக்கு 600019, ராயபுரத்துக்கு 600013, எண்ணூருக்கு 600057. ஊர்கள் மாநகராட்சியில் கரைந்த பிறகும் அந்த எண் கரையவில்லை. கடிதத்தில் எழுதுகிறோம், வாயால் சொல்வதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் போனுக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது. மனைவி பெரிய எழுத்தில் எழுதியது. முதலில் திருவொற்றியூர், அடுத்து 600019, அடுத்து பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடத்தின் பெயர், கடைசியில்தான் தெருவும் எண்ணும். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று எழுதி ஒட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நமக்குத் தெரிந்தது கூட வாயில் வராது.

பேரன் போன மறுநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய மனுவின் நகலை எடுத்துப் படித்தேன். புதிதாக ஒரு மனு எழுதியிருக்கிறேன். பெயரை மாற்ற வேண்டாம், பெயர்ப் பலகையில் தெருப் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதினால் போதும் என்று. அன்று கையெழுத்துப் போட்ட 63 பேரில் பலர் இப்போது இல்லை. வீடு வீடாகப் போய் இதுவரை 11 கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் போடவில்லை. "நம்ம தெரு பேரால யாருக்கு என்ன இடைஞ்சல் சார்? நீங்கதானே அன்னிக்கு எழுதினீங்க!" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? என் மனைவியின் கையெழுத்துதான் அதில் முதலாவது என்று காட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.